மருமகளுக்குக் காட்டிய படங்கள்

டீ வாளியோடு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது, அங்கே ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் ஏலக்காய் பொறுக்கும் கூடத்தை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். ஒரு டஜன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பொறுக்கித் தள்ளும் இடம். கை ஒருபக்கம் ஓடும், வாய் ஒருபக்கம் ஓடும். அங்கே சத்தம் நின்றால் ஒன்று சாமி வந்திருக்க வேண்டும், இல்லை சாவு விழுந்திருக்க வேண்டும்.

கரண்டு போய் காற்றாடி நின்றிருந்தது. ஏலக்காய் வாடை தொண்டையைப் பிடித்தது. நடுவில் எங்கள் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் மூத்தவள் அவள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும் முன்பே இங்கே காய் பொறுக்கியவள். அவள் எதிரே என் மருமகள் லிப்சா, இரண்டு கையையும் கூப்பியபடி. இருவருக்கும் நடுவில், தரையில், பஞ்சவர்ணத்தின் நீல வார் செருப்பு. ஒழுங்காக ஜோடி சேர்த்து, வாசலைப் பார்த்து வைத்திருந்தது.

"நன்றி அக்கா. நீங்கள் மிகவும் நன்றாக வேலை செய்தீர்கள்" என்றாள் லிப்சா, புத்தகத்தில் இருப்பது போலவே.

பஞ்சவர்ணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பில் காலை நுழைத்தாள். போய்விட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வாளியில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

நடந்தது என்ன

லிப்சா ஒடிசாக்காரப் பெண். பெங்களூரில் என் மகன் குமரனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனதும், எங்கள் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று குமரன் போடிக்கே திரும்பினான். "நானும் வர்றேன்" என்று அவளும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். இந்தப் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே வாத்தியார் வைத்துத் தமிழ் கற்றிருந்தாள். எழுதுவாள், படிப்பாள். கூடத்தையும் வடக்கே போகிற லோடுகளையும் அவளிடம் ஒப்படைத்தோம். டெல்லி, கான்பூர் வியாபாரிகளோடு இந்தியில் பேச எங்கள் வீட்டில் முதல்முறையாக ஓர் ஆள் கிடைத்தது.

தமிழ் தெரிந்தவள்தான். ஆனால் படம் தெரியாது.

பழைய படம் ஒன்றில் ஒரு சமையல்காரர் வருவார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "அதைவிட அந்தப் படம்தான் நல்ல படம்" என்று உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். அந்தச் சமையல்காரர் காட்சிக்குக் காட்சி கோபித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்கும் எனக்கும் இன்னையோட முடிஞ்சது, என் செருப்ப எடுத்து வைங்கடா" என்று கத்துவார். வீட்டுக்காரம்மா அலட்டிக்கொள்ளாமல், "செருப்பு இருக்கட்டும், சோறு ஆறுது" என்பார். உடனே மனுசன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார். போடியில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. வெயில் அடித்தால் சொல்வோம், பஸ்சு வராவிட்டால் சொல்வோம்.

அன்றைக்குக் கரண்டு போனதும் பஞ்சவர்ணம் முந்தானையால் விசிறிக்கொண்டு எழுந்து, "இந்தக் கூடத்துக்கும் எனக்கும் இன்னையோட முடிஞ்சது, என் செருப்ப எடுத்து வைங்கடி!" என்று கூவியிருக்கிறாள். எல்லாரும் சிரிக்கக் காத்திருந்திருக்கிறார்கள். லிப்சா கணக்குப் பலகையிலிருந்து இறங்கி, வாசலுக்குப் போய், செருப்பை எடுத்துவந்து வைத்துவிட்டாள்.

"அக்கா கேட்டாங்க, அத்தை. அதனால எடுத்துக் குடுத்தேன். வேலையை விட்டுப் போறாங்கன்னு நினைச்சேன்" என்றாள் என்னிடம். "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

வேலைக்காரி முன்னால் முதலாளி வீட்டு மருமகள் செருப்பை எடுத்து வைத்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. வெளியே போ என்று அர்த்தம். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

படம் ஓடும், படம் ஓடாது

ஒரு சினிமா வசனத்துக்கு இவ்வளவா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு பழைய கதை.

நான் கம்பத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், என் மாமனார் ஏல மையத்திலிருந்து கடைக்குப் போன் போடுவார், எடுப்பது நான். பக்கத்தில் நாலு வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். சரக்கைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. அதனால், "பாட்டு நல்லாருக்கு, கதை இல்ல" என்பார். நிறம் இருக்கிறது, காயில் எடை இல்லை என்று பொருள். "வெள்ளி விழா ஓடும்" என்றால் விடக் கூடாத சரக்கு, வாங்கப்போகிறேன். "பொட்டி திரும்பிருச்சு" என்றால் ஒன்றும் தேறாது, வெறுங்கையோடு வருகிறேன். முதல் வாரம் ஒன்றும் விளங்காமல் அவர் ஒரு சினிமாப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். அப்புறம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் அவர் கேட்காமலேயே, "மாமா, இந்தச் சரக்கு இடைவேளைக்கு மேல தாங்காது" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பேச்சில் உப்பு, புளி, மிளகாய் எல்லாமே படம்தான். மலைக்கு மேலே எஸ்டேட்டில் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள்கூடத் திட்டும்போது தமிழ்ப் படத்து வசனத்தில்தான் திட்டுவார்கள். அது தெரியாமல் இங்கே குடியிருப்பது, எல்லாரும் சிரிக்கிற பந்தியில் காது கேட்காமல் உட்கார்ந்திருப்பது போல.

குரங்கணிக்குப் போனோம்

மறுநாள் கூடம் காலி. அதற்கு மறுநாளும். பொறுக்காத காய் சாக்கு சாக்காகக் கிடந்தது. "நான் போய்ப் பேசுறேன்மா" என்றான் குமரன்.

"நீ இல்ல. செருப்பை எடுத்து வச்சது நான். நான் போறேன்" என்றாள் லிப்சா.

துணைக்கு நான் போனேன். பஞ்சவர்ணம் வீடு குரங்கணியில். ஜீப்பு ரோட்டில் ஏற ஏற லிப்சா சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

பஞ்சவர்ணம் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாயில் காப்பிப் பழத்தைக் காயப்போட்டு, காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கிளறுவதை நிறுத்தவில்லை.

"வாங்கம்மா" என்றாள் என்னைப் பார்த்து மட்டும்.

லிப்சா தார்ப்பாயின் ஓரத்தில் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது எங்கே போனதோ, வேறு பேசினாள்.

"அக்கா, எங்க அப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டர். வீட்டுக்குப் பெரியவங்க யாராவது வந்துட்டுப் போனா, அவங்க செருப்பைத் திருப்பி வாசப்பக்கமா வைக்கிறது என் வேலை. நான் சின்னப்பிள்ளையில இருந்து செஞ்சது. மரியாதைக்கு. நீங்க போறீங்கன்னு நினைச்சேன். நீங்க பெரியவங்க. அதான் வச்சேன்."

பஞ்சவர்ணத்தின் கால் நின்றது.

"மரியாதைக்கா வச்ச?"

"ஆமா."

"என்னைய வெரட்டுறதுக்கு இல்லையா?"

"உங்களை விரட்டிட்டு நான் யார்கிட்ட தொழில் கத்துக்குவேன்?"

பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையைத் துடைத்தாளா, வேறு எதையாவது துடைத்தாளா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று நினைவு வந்தவளாக, "அப்ப நீ அந்தச் சமையக்காரர் படத்தப் பாத்ததே இல்லையாத்தா?" என்றாள்.

"எந்தப் படம்?"

அவ்வளவுதான். செருப்பு விவகாரத்துக்குக்கூட அவள் இவ்வளவு பதறவில்லை. "என்னம்மா இது, ஒங்க வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அந்தப் படத்தக்கூடவா காட்டல? அதப் பாக்காம இந்த ஊர்ல எப்பிடிம்மா அது குடும்பம் நடத்தும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

லிப்சா சொன்னாள்: "நான் வந்த நாள்ல இருந்து நீங்க எல்லாரும் சிரிக்கிறீங்க, அக்கா. நான் தலையைக் குனிஞ்சு காயைப் பாக்கிறேன். என்னைப் பத்திச் சிரிக்கிறீங்களோன்னுகூட சில நாள் தோணும். எனக்கு எல்லாப் படத்தையும் காட்டுங்க. நீங்க சிரிக்கும்போது நானும் சிரிக்கணும்."

பஞ்சவர்ணம் உள்ளே போய் ஆளுக்கொரு டம்ளர் பால் விடாத கட்டங்காப்பி கொண்டுவந்தாள். இந்தமுறை முதல் டம்ளர் லிப்சாவுக்கு.

பாடம் தொடங்கியது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு டிவியைத் தூக்கிப்போய்க் கூடத்தில் வைத்தோம். சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். கோயிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வந்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் பூசை முடிந்து வந்தார்கள்.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்பதில் எனக்கும் பஞ்சவர்ணத்துக்கும் பெரிய தகராறு. முதலில் சாமி படம் என்பது என் கட்சி. பிள்ளைகளைத் திட்டவும், புருசனிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டிய வசனமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அண்ணன் தங்கச்சி படம் பார்க்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்றாள் அவள். பஞ்சாயத்துப் படம் வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் யார் யாரைக் குத்துகிறார்கள் என்றே தெரியாது. பேய்ப் படம் ஒன்று வேண்டும். டூரிங் கொட்டகை நாளிலிருந்து இன்று செல்போனில் ஓடுவது வரை, காமெடிக்கு மட்டும் தனியாக ஒரு பத்துப் படம். கடைசியில், சமையல்காரரிடமிருந்தே தொடங்குவது என்று சமாதானம் ஆனோம்.

"செருப்பு இருக்கட்டும், சோறு ஆறுது" என்ற வசனம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் லிப்சாவைப் பார்த்தோம். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சிரித்தாள். வெட்கச் சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு.

படம் பார்ப்பதில் அவள் எங்களுக்கு மாணவியாக மட்டும் இருக்கவில்லை. கேள்வி கேட்டே எங்களைத் திணறடித்தாள். கதாநாயகனுடைய அம்மா ஏன் எப்போதும் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்? பத்து அடியாட்கள் இருக்கும்போது ஏன் ரேஷன் கடை மாதிரி வரிசையில் வந்து அடி வாங்குகிறார்கள்? நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்கப்புறம் தையல் மிஷின் வந்தாலே கூடம் முழுக்கச் சிரிப்பு.

ஒருநாள் அவள் வேறு ஒன்று கேட்டாள். காமெடி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக, குண்டாக ஒரு பெண் வருகிறாள்; அவளைப் பார்த்து எல்லாரும் ஓடுகிறார்கள்; அதுதான் நகைச்சுவை.

"இதுக்கு நான் சிரிக்கணுமா அக்கா?" என்றாள்.

பஞ்சவர்ணம்தான் சொன்னாள்.

"வேணாம்த்தா. நாங்களும் சிரிக்க மாட்டோம். கொட்டாயில பாத்த காலத்துல இந்த மாதிரி எடம் வந்தாத்தான் நாங்க எந்திருச்சு முறுக்கு வாங்கப் போவோம்."

நானும் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறேன், எத்தனையோ தடவை. ஏன் போகிறோம் என்று எனக்கே தெரியாமல்.

மழைக்காலம் வந்து போவதற்குள் லிப்சாவின் தமிழ் மாறிவிட்டது. "கொண்டு வாருங்கள்" என்பது "கொண்டா" ஆனது. "சோலி முடிஞ்சதா?", "வெரசா வாங்கக்கா" எல்லாம் சரளமாக வந்தது. லோடு ஏற்றும் ஜீப்புக்காரர் ஒரு வசனத்தை எடுத்துவிட்டால், இவள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே அடுத்த வரியைச் சொல்வாள். பெண்கள் முறத்தைத் தட்டுவார்கள். பெற்ற பிள்ளை பரீட்சையில் பாசானபோதுகூட நான் இவ்வளவு பூரித்ததில்லை. குமரன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

ஆயுத பூசை

என் கொழுந்தனார் தங்கராசுக்கு இந்தக் கல்யாணத்தில் மனசில்லை. அவருக்கும் தனியாக ஏலக்காய்க் கடை இருக்கிறது. "வடக்கத்திப் பொண்ணு, என்ன தெரியும் இதுக்கு?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேரில் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த ஆயுத பூசைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம். சல்லடை, தராசு, முறம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, சுண்டல் படைத்திருந்தோம். கூடம் நிறைய ஆள். வியாபாரிகள், ஜீப்புக்காரர்கள், காய் பொறுக்கும் பெண்கள், அவர்கள் பிள்ளைகள். லிப்சா பட்டுச் சேலை கட்டி, தட்டேந்தி வரிசையாகச் சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

தங்கராசு முன்னால் அவள் வந்து நின்றதும் அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக என் மகனைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"டேய் குமரா, பொம்ம நல்லாருக்கு. சாவி எங்கடா?"

இதுவும் ஒரு படத்தில் வருவதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளை பட்டணத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக் கூட்டிவருவான். அவளுக்கு ஒரு வேலையும் தெரியாது. சும்மா அலங்காரமாக நிற்பாள். வீட்டுக் கணக்குப்பிள்ளை அவள் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மையா என்று கேட்கும் இடம் அது. அழகுக்கு இருக்கிறாள், உபயோகம் இல்லை என்று நாகரிகமாகச் சொல்ல ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

வியாபாரிகள் வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளுக்குப் புரியாது என்ற தைரியம். குமரனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வைத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. லிப்சாவின் முகத்தைப் பார்த்ததும் பிடிக்கத் தோன்றியது.

அவள் ஒரு கரண்டி சுண்டலை அள்ளி, சிந்தாமல் அவர் இலையில் வைத்தாள்.

"சாவி குடுத்தாச்சு சின்ன மாமா" என்றாள். "அதான் கடை ஓடுது."

பஞ்சவர்ணம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. பெண்கள் சந்தனம் வைத்த முறங்களையே எடுத்துத் தட்டினார்கள். முதலில் சிரித்த வியாபாரிகள் இப்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முழங்கால் வலியை மறந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அது படத்தில் வருகிற வசனம் இல்லை. படத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே மாடிக்கு ஓடிவிடுவாள். பதில் சொன்னது எங்கள் வீட்டுப் பெண். யாரும் எழுதிக் கொடுக்காமல், எங்கள் ஊர் வாயில், நின்ற இடத்தில் சொன்னாள்.

தங்கராசு கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சினிமா ரசிகர்தானே. நல்ல பதிலைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் முறைப்பாக இருக்க முடியும்? மீசை துடித்தது. "அண்ணி, இன்னுங் கொஞ்சம் சுண்டல் வைக்கச் சொல்லுங்க ஒங்க மருமகள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் அவரே போன் செய்து, கான்பூர் பார்ட்டி ஒருவன் சரக்கை நொட்டை சொல்லிக்கொண்டிருக்கிறான், லிப்சா கொஞ்சம் பேச முடியுமா என்று கேட்டார். அவள் பேசினாள். சரக்கு திரும்பி வராமல் அங்கேயே நின்றது.

"பேசிக் குடுக்கிறதுக்குப் பதிலா நாம நறுக்குன்னு ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அவர?" என்றேன் நான்.

"கேட்டாச்சே அத்தை, ஆயுத பூசையிலேயே" என்றாள்.

எந்தப் படம்?

போன மாதம் பஞ்சவர்ணத்தின் பேத்திக்குக் காதுகுத்து. லிப்சாவும் குமரனும் காலையிலேயே போய்விட்டார்கள். அங்கே பந்தி பரிமாறும் பொறுப்பே லிப்சாவிடம்தான். நான் பின்னால் தனியாக ஜீப்பில் போனேன். ஜீப்புக்காரர் எனக்கு அறிமுகம் இல்லாதவர், ஐம்பது வயதிருக்கும். வண்டி நிறைய ஆள்.

பாதி ஏற்றத்தில் வண்டி முக்கியது. பின்னாலிருந்து ஒருவர், "என்னண்ணே, வண்டிக்கு சாவி குடுத்தாச்சா?" என்றார்.

ஜீப்புக்காரர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: "குடுத்தாச்சு. அதான் கடை ஓடுது."

வண்டி முழுக்கச் சிரிப்பு. மடியில் இருந்த சீர்த்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, இது எந்தப் படத்துல வரும்?"

"பழைய படம்க்கா" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "கறுப்பு வெள்ளை. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"பாக்கலண்ணே. கதை என்ன?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஊரில் ஒரு கடை. முதலாளி படுத்த படுக்கை. பங்காளிகள் கடையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். எங்கிருந்தோ வந்த மருமகள் தன்னந்தனியாகக் கடையை எடுத்து நடத்துகிறாள். வில்லன் சபையில் வைத்துக் கேலி செய்கிறான். அப்போது அவள் திரும்பி நின்று சொல்கிற வசனம் இது. கொட்டகையில் காசை அள்ளி வீசினார்களாம். அவருடைய அப்பா மூன்று தடவை பார்த்தாராம். நடுவில் பின்சீட்டுக்காரர், அந்தப் படத்தில் பாட்டும் நல்ல பாட்டு என்று எடுத்துக் கொடுத்தார்.

நான் கடைசி வரை குறுக்கே பேசவில்லை. குரங்கணியில் இறங்கும்போது மட்டும் சொன்னேன்.

"நல்ல படமா இருக்கும் போலயேண்ணே."

"என்னக்கா இப்பிடிச் சொல்லிட்டீங்க?" என்றார் அவர். "வெள்ளி விழாக்கா!"